மலைகளின் பெயரிலிருந்து தொடங்குங்கள்: சேலத்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

சேலத்துக்கு மாற்றலாகி வருகிற குடும்பங்கள் சாமான் மூட்டைகளைப் பிரித்து முடிக்கும் முன்பே, முதல் ஞாயிற்றுக்கிழமையே ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடுகின்றன. ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கரடிக் குகை, கிளியூர் அருவி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, இரவில் தூங்கி விழுகிற பிள்ளைகளோடு இறங்கி வருகிறார்கள். அடுத்த ஞாயிறு வந்தால், "இனிமேல் இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நான் சொல்லப்போவது வேறு வழி. கிட்டத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். பிடித்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். ஏற்காட்டுக்கு அவசரமே இல்லை. அதையும் ஒரு தடவைக்கு ஓரிடம் என்று பிரித்துப் பாருங்கள்.

நாங்கள் நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர் பக்கம். கண்ணுக்கு எட்டிய வரை வயல், அதைத் தாண்டினால் கடல். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. சேலம் கோட்டத்துக்கு மாற்றல் கிடைத்ததும் சூரமங்கலத்தில் வாடகைக்கு வீடு பிடித்து வந்தோம். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலு. சின்னவனுக்கு எந்த ஊராக இருந்தாலும் மண்ணும் தண்ணீரும் இருந்தால் போதும். பெரியவள்தான் கஷ்டப்பட்டாள். "இந்த ஊர்ல எனக்கு எதுவுமே தெரியலம்மா" என்பதுதான் அவளுடைய புகார். ஊர் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை, தெரியவில்லை என்றுதான் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த திருப்பத்தில் என்ன வரும் என்று தெரிந்த பிறகுதான் குழந்தைக்கு ஒரு ஊர் சொந்தமாகத் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே எழுதியிருப்பது எல்லாமே அந்த நம்பிக்கையிலிருந்து வந்தவைதான்.

மொட்டை மாடியில் முதல் பாடம்

சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. சமவெளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இது முதலில் மிரட்சியாக இருக்கும். அந்த மலைகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டால் மிரட்சி போய்விடும். வடகிழக்கே பெரிதாகச் சுவர்போல் நிற்பது சேர்வராயன் மலை, அதன் மேல்தான் ஏற்காடு. வடக்கே நகரமலை. தெற்கே ஜருகுமலை. மேற்கே கஞ்சமலை. கிழக்கே கோடுமலை. மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சூரியன் உதிக்கிற பக்கத்தை முதலில் காட்டி, பிறகு ஒவ்வொரு மலையாகச் சொல்லுங்கள். எல்லா மலையும் எல்லா வீட்டு மாடியிலிருந்தும் தெரியாது. தெரிகிற இரண்டோ மூன்றோ போதும்.

இதில் பெரிய பிரயோஜனம் இருக்கிறது. அப்புறம் எங்கே போனாலும், பேருந்தின் ஜன்னலிலிருந்து பிள்ளையே வழி சொல்லத் தொடங்கும். "கஞ்சமலை பெரிசாகிட்டே வருது, அப்ப நாம வீட்டுப் பக்கம் வந்துட்டோம்" என்று பெரியவள் சொன்ன அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அம்மாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகளை "சாமி, சாமி" என்றுதான் கூப்பிடுவார். சேர்வராயன் தலையில் மேகம் கட்டினால் கொடியில் காயும் துணியை எடுக்க வேண்டும் என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அந்த வேலை இப்போது எங்கள் வீட்டில் அவளுடையது.

நேரம் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடற்கரைக் காற்றில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சேலத்து வெயில் புதிது. மார்ச் முதல் ஜூன் வரை காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை, மாலையில் ஐந்துக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் வெளியே கூட்டிப் போகாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். ஒரு தடவை வெளியே போய் வருவதற்கு மொத்தம் இரண்டரை மணி நேரம் போதும். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் விளையாட ஆசைப்படும்போதே கிளம்பிவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த வாரம் அவர்களே கூப்பிடுவார்கள்.

மூக்கனேரி: வாரா வாரம் போகத்தக்க இடம்

ஒரே ஒரு இடம் சொல் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் மூக்கனேரி என்பேன். கன்னங்குறிச்சியில் இருக்கிறது. பழைய பேருந்து நிலையத்திலிருந்து அஸ்தம்பட்டி வழியாகக் கன்னங்குறிச்சி போகிற டவுன் பஸ் உண்டு. சேர்வராயன் மலையில் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி வந்து நிரப்புகிற ஏரி. ஒரு காலத்தில் புதர் மண்டிக் கிடந்ததை 2010-ல் ஊர்மக்கள் கூடித் தூர்வாரினார்கள். எடுத்த மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொட்டாமல், ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரக்கன்றுகளை நட்டார்கள். அந்தத் திட்டுகள்தான் இப்போது தீவுகளாக நிற்கின்றன. நாயோ மனிதனோ எளிதில் எட்ட முடியாத மரங்கள் என்பதால் பறவைகள் அங்கே தைரியமாக அடைகின்றன.

பிள்ளைகளுக்கு முதல் நாளே பறவைகளின் பெயர்களைப் பட்டியலாகச் சொல்லாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பறவை போதும். தொடங்குவதற்கு நீர்க்காகம் நல்லது. கறுப்பாக இருக்கும், முங்கி மீன் பிடிக்கும், பிறகு கட்டையிலோ கிளையிலோ உட்கார்ந்து இரண்டு சிறகையும் விரித்துக் காயவைக்கும். நாலு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும். உடனே கையை விரித்துக்கொண்டு நின்று காட்டும். அடுத்த வாரம் முக்குளிப்பான். தண்ணீருக்குள் போன குட்டிப் பறவை எந்த இடத்தில் எழும்பும் என்று இரண்டு பிள்ளைகளும் பந்தயம் கட்டலாம். இதைவிட நல்ல விளையாட்டை நான் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை. அப்புறம் பாம்புத்தாரா, உடம்பு நீருக்குள் இருக்க நீண்ட கழுத்து மட்டும் வெளியே தெரியும். நாமக்கோழி, மீன்கொத்தி, கொக்கு வகைகள் எல்லாம் தானாக அறிமுகமாகிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் கூடுதல். இரவல் வாங்கிய பைனாகுலர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

இரண்டு எச்சரிக்கை. கரையோரத்தில் சின்னப் பிள்ளையின் கையை விடக் கூடாது. தூர்வாரிய ஏரியில் ஆழம் சீராக இருக்காது, நாலடி தள்ளினால் பெரியவர்களே மூழ்கலாம். இரண்டாவது, பொரி, ரொட்டித் துண்டு எதையும் தண்ணீரில் போடப் பழக்காதீர்கள். அந்தப் பறவைகளுக்கு வேண்டிய மீன் ஏரியில் இருக்கிறது.

பெரியவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்திருக்கிறேன். தேதி, தண்ணீர் எந்தக் கல் வரை நிற்கிறது, அன்றைக்குப் பார்த்த புதிய பறவை. இந்த மூன்று மட்டும் எழுத வேண்டும். படம் வரைவது அவள் இஷ்டம். தண்ணீர் அளவை எழுதச் சொன்னது நான் யோசித்துச் செய்த ஏற்பாடு. வயல் வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர்க் கணக்கு ரத்தத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் புது ஊரிலும் தொடர விட்டால், விட்டு வந்ததன் ஒரு துண்டாவது கையோடு வந்ததுபோல் இருக்கும்.

குரும்பப்பட்டி

கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு அடிவாரம் போகிற பக்கம், சேர்வராயன் மலையின் காலடியில் இருக்கிறது குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. வனத்துறையினுடையது. பெரிய மிருகக்காட்சி சாலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். புள்ளிமான், கடமான், மயில், பறவைகள், நிறைய மர நிழல், அவ்வளவுதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அதுவே நிறைவாக இருக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடுவார்கள், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்தவுடன் போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் விலங்குகள் நிழல் தேடிப் படுத்துவிடும், பிள்ளைகள் "எங்கேம்மா, எங்கேம்மா" என்று கேட்டுக் களைத்துப்போவார்கள்.

சின்னவனுக்கு மான் கூண்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நிற்கப் பிடிக்கும். நிற்கட்டும் என்று விட்டுவிடுவேன். மற்றதையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடுகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. டிக்கெட் எடுத்துவிட்டோமே என்ற கவலை பெரியவர்களுடையது, குழந்தைக்கு அது இல்லை. ஒரு மானை ஒழுங்காகப் பார்த்த குழந்தை வீட்டுக்கு வந்து மானைப் பற்றிப் பேசும்.

படிகளும் கல்லும்

மலை ஏறப் பழக்க வேண்டுமென்றால் அம்மாப்பேட்டைப் பக்கம் உள்ள குமரகிரி சரியான அளவு. உச்சியில் தண்டாயுதபாணி கோயில். படி ஏறிப் போய்த் திரும்பிப் பார்த்தால் ஊர் முழுக்கக் காலடியில் விரியும். மாடியில் கற்றுக்கொண்ட மலைகளை இங்கே நின்று மறுபடி எண்ணச் சொல்லுங்கள். ஊரின் தெற்கே சீலநாயக்கன்பட்டியில் ஊத்துமலையும் இப்படிப்பட்டதே. இரண்டுக்கும் மாலை நேரம் பொருத்தம்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பெரியவர்களுக்கான இடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது புதையல். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலியார்கள் காலத்துத் திருப்பணி. யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கிறது. விரலால் தள்ளினால் உருளும், வெளியே எடுக்க வராது. எப்படி உள்ளே போட்டிருப்பார்கள் என்று பிள்ளையைக் கேளுங்கள், பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். என் மகள் பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்து, "வாயையும் உருண்டையையும் ஒரே கல்லில் செதுக்கியிருப்பாங்க, வெளியிலேர்ந்து போட்டதே இல்ல" என்று அவளாகக் கண்டுபிடித்தாள். வாலி, ராமன் சிற்பத் தூண்களையும் விடாதீர்கள். ராமன் இருக்கும் தூணருகே நின்றால் வாலி தெரிவார், வாலி பக்கம் நின்றால் ராமன் கண்ணில் படமாட்டார். ஒரு பிள்ளை இங்கே, ஒரு பிள்ளை அங்கே நின்று சோதித்துப் பார்க்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு பிள்ளைகளால் நிற்க முடியாது.

சங்ககிரிக் கோட்டை பத்து வயது தாண்டிய, நன்றாக நடக்கிற பிள்ளைகளுக்கு. 1805-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம். கதையை முதலிலேயே சொல்லிக் கூட்டிப் போனால் அந்த ஏற்றம் தெரியாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம்.

ஏற்காடு: ஒரு தடவைக்கு ஓரிடம்

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 அடி உயரம்தான், ஏற்காடு 5,000 அடியை ஒட்டி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. இந்தக் கணக்கைப் பெரிய பிள்ளையிடம் கொடுத்து, மேலே எவ்வளவு குளிரும் என்று முன்கூட்டியே சொல்ல வையுங்கள். மேலே போய் அது சரியாக வந்தால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் வாந்தி விஷயம். வயிறு முட்டச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போகாதீர்கள், வெறும் வயிற்றோடும் வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பால் கூடாது. வண்டியில் செல்போன், படப் புத்தகம் எதையும் கையில் கொடுக்காதீர்கள். கண் கையருகே ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க, உடம்பு வளைவில் ஆடினால்தான் தலை சுற்றுகிறது. தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவுகளில் எண் எழுதிய பலகை உண்டு, அதை யார் முதலில் படிப்பது என்று விட்டால் கண் தானாக முன்னால் போய்விடும். பேருந்தில் பின் சீட்டைத் தவிர்த்து நடுவிலோ முன்னாலோ ஜன்னலோரம் உட்காருங்கள். மேலே போகப் போகக் காது அடைக்கும், ஒரு மிட்டாயைச் சப்பக் கொடுத்தால் சரியாகிவிடும். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். இவ்வளவுக்குப் பிறகும் வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால், மருந்து கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். ஜன்னலை மூடுங்கள், பழத்தோல்கூட வீச வேண்டாம். காட்டுமாடுகள் எஸ்டேட் பக்கங்களில் வருவதுண்டு. கண்டால் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, போட்டோ எடுக்கக்கூட வேண்டாம்.

மேலே எங்கே போவது? முதல் தடவை ஏரி மட்டும் போதும். படகு, பக்கத்தில் அண்ணா பூங்கா, மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த மக்காச்சோளம். லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் அளவுக்குப் பொருந்தவில்லை என்றால் படகில் ஏற்றாதீர்கள், தளர்வான ஜாக்கெட் தண்ணீரில் கழன்று மேலே போய்விடும். பெரிய பெடல் படகில் நாலு வயதுப் பிள்ளைக்குக் கால் எட்டாது, அது ஒரு அழுகை. துடுப்புப் படகு எடுத்துப் படகுக்காரரை ஓட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது தடவைக்கு எனக்குப் பிடித்தது தாவரவியல் தோட்டம், ஆர்க்கிட் செடிகளுக்காக இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் நடத்துவது. அங்கே குடுவைச் செடி இருக்கிறது. இலையின் நுனி குடுவையாகத் தொங்கும், பூச்சி விழுந்தால் உள்ளே கரைந்துவிடும். மேகாலயாவின் காசி மலைச் செடி அது. பிள்ளைகளை அந்தச் செடியிடமிருந்து பிரித்துக் கூட்டி வருவதுதான் சிரமம். விடுமுறை நாட்களை விசாரித்துக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, சேர்வராயன் கோயில். மலையின் உச்சி, 5,326 அடி. சமதளமாகப் பரந்த புல்வெளி, எப்போதும் காற்று. கோயில் ஒரு குகைக்குள் இருக்கிறது, குனிந்துதான் போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே. அந்தக் குகை காவிரி பிறக்கிற தலைக்காவிரி வரை போகிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. இருட்டுக் குகையைப் பார்த்துச் சின்னவன் பயந்தான். உள்ளே போகக் கட்டாயப்படுத்தவில்லை. அப்பாவோடு வெளியே புல்லில் ஓடினான், அதுவே அவனுக்கு நல்ல நாள். ஒரு ஸ்வெட்டர் கட்டாயம், மே மாதமானாலும் எடுத்துப் போங்கள்.

லேடீஸ் சீட்டை ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சேலம் முழுவதும் தெரியும், விளக்கு எரியத் தொடங்கும்போது அவரவர் வீடு எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் தேடட்டும். ஆனால் இருட்டிய பிறகு மலைப்பாதையில் இறங்குவதில் பழக்கமில்லாதவர் வண்டி ஓட்ட வேண்டாம். பகோடா பாயிண்ட், கரடிக் குகை இரண்டையும் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம்.

போகும் வழியில் காப்பித் தோட்டங்களைக் காட்டுங்கள். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். நம் வீட்டு ரசத்தில் விழுகிற மிளகு பச்சையாகக் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஆச்சரியம் தாங்காது. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று பெய்தால், அடுத்த சில நாட்களில் காப்பிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும், வாசனை சாலை வரை வரும். டிசம்பர் வாக்கில் பழம் சிவக்கும். பார்ப்பதோடு சரி. தோட்டங்கள் தனியாருடையவை, வேலி தாண்டி உள்ளே போகக் கூடாது, பறிக்கவும் கூடாது.

மே மாதக் கோடை விழாவுக்குக் கைக்குழந்தையோடு போவதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். மலர்க் கண்காட்சி அழகுதான், கூட்டத்தில் குழந்தைக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகு மட்டும். அந்த நாட்களில் அடிவாரம் வழியாக ஏறிக் குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்குவதும் உண்டு. சாதாரண நாட்களில்கூட, குப்பனூர் வழியாக ஒரு தடவை இறங்கிப் பாருங்கள், கூட்டம் குறைந்த பாதை.

மழையும் அருவியும்

கிளியூர் அருவிக்கு வருகிற தண்ணீர் பெரும்பாலும் ஏற்காடு ஏரி நிரம்பி வழிவது. ஆகவே மழை பெய்து சில நாட்கள் கழித்துப் போனால்தான் அருவி இருக்கும், கோடையில் வெறும் பாறை. படிகள் செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு கீழே இறங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஆத்தூர்ப் பக்கம் ஆனைவாரி முட்டல் அருவியை வனத்துறை பார்த்துக்கொள்கிறது, முட்டல் ஏரியில் படகும் உண்டு. காட்டாற்றில் வெள்ளம் வந்தால் அங்கே அனுமதி நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் வாதாடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மலைக்குக் கிளம்பும் முன் வானிலைச் செய்தி கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. மழை நாளில் பிள்ளைகள் ஏமாந்து உட்கார்ந்திருந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. மழை விட்டதும் பக்கத்துத் தெருவுக்கு நடந்து போய் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, வெங்காயம், பீட்ரூட் துருவல். சேலத்தில் அது எந்த மூலையிலும் கிடைக்கும். காரச் சட்னி கொஞ்சமாக என்று சொல்லி வாங்குங்கள்.

பை, பஸ், பணம்

பை சின்னதாக இருக்கட்டும். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், தொப்பி, ஒரு துண்டு, மாற்றுத் துணி ஒரு ஜோடி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, பிளாஸ்டர், பழம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் 2019 முதலே தமிழ்நாட்டில் தடை, மலையில் அதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். தின்பண்டத்தைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரோ ஆட்டோவோ வேண்டும் என்று நினைத்துத் தயங்காதீர்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் அரசுப் பேருந்தில் டிக்கெட் இல்லை. எங்கள் குடும்பத்தில் பல வாரங்கள் வெளியே போய் வருவதற்கு ஆகிற செலவு, திரும்பும்போது வாங்குகிற சுண்டலுக்கு மட்டும்தான். பஸ்ஸில் போனால் ஊரின் தெருப் பெயர்களும் பிள்ளைகளுக்குப் பழகும். கண்டக்டர் அண்ணன் "ஐந்து ரோடு, ஐந்து ரோடு" என்று கூவுவதை வீட்டில் வந்து கூவிக் காட்டுவார்கள்.

மேட்டூர்

கடைசியாக மேட்டூர். எங்களைப்போல் டெல்டாவிலிருந்து வந்தவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது. 1925-ல் தொடங்கி 1934-ல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தண்ணீர். எங்கள் வீட்டில் இந்த எண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். மாமனார் காலையில் செய்தித்தாளை விரித்ததும் முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம். குறுவைக்கு ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பது வழக்கம். திறந்தால் சில நாளில் கல்லணை, அங்கிருந்து பிரிந்து பிரிந்து ஓடம்போக்கி ஆற்றின் வழியாக எங்கள் கடைமடை வாய்க்காலுக்கு வந்து சேர இன்னும் நாளாகும். "தாத்தா வயலுக்கு வர்ற தண்ணி இங்கேர்ந்துதான் கிளம்புது" என்று சொன்னபோது பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம் தாத்தாவுக்குப் போன் போடச் சொன்னாள். நீர்மட்டம் எத்தனை அடி என்று அங்கிருந்து அவளே சொன்னாள், அவர் மறுமுனையில் எத்தனை கேள்வி கேட்டார் தெரியுமா!

சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அணையின் நீளம் 5,300 அடி, கிட்டத்தட்ட சேர்வராயன் உச்சியின் உயரம். மலையைப் படுக்கப் போட்டால் அணை நீளம் வரும் என்று பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அணைக்குக் கீழே பூங்கா இருக்கிறது, ஊஞ்சல், சறுக்கு, புல்வெளி எல்லாம் உண்டு. சின்னவர்களை அங்கே விட்டுவிடலாம். அணை நிரம்பி வழிகிற காலத்தில் 16 கண் மதகு வழியாகத் தண்ணீர் பாய்வதைத் தூரத்தில் நின்று பாருங்கள். நீர்மட்டம் நன்றாகக் குறைந்த கோடையில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த கோயில் நந்தி வெளியே தெரியும், அது வேறொரு பயணத்துக்கு.

ஆற்றில் இறங்கிக் குளிப்பதற்கு மட்டும் பிள்ளைகளை அனுமதிக்காதீர்கள். அணையிலிருந்து விடுகிற தண்ணீரின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். காவிரிக் கரையில் பிறந்தவர்கள் நாங்கள், எங்களுக்கே அந்த இழுப்புப் பழக்கமில்லாதது. ஆடிப் பதினெட்டன்று கூட்டம் தாங்காது, கைக்குழந்தை இருந்தால் அதற்கு முந்தைய வாரமோ பிந்தைய வாரமோ போங்கள்.

மீன் கடைகளில் முதலில் எந்த மீன் என்று கேட்டு, அன்றைக்குப் பிடித்ததைக் காட்டச் சொல்லிப் பொரிக்கக் கொடுங்கள். கட்லாவில் முள் பெரிது, பார்த்து எடுத்துவிடலாம், பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. மிளகாய்த்தூள் குறைத்துத் தடவச் சொன்னால் செய்து தருவார்கள். ஞாயிறு மாலை சேலத்துக்குத் திரும்பும் பேருந்துகளில் கூட்டம் இருக்கும், நாலரை மணிக்கே நிலையத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் கிடைக்கும்.